வீட்டில் செய்யப்படும் துப்பாக்கியும் தடைச் சட்டமும்: ஆர்வலர்களாகிய நாம் எந்தப் பக்கம் நிற்க வேண்டும்?

குறிவாளன்:

துப்பாக்கித் தடை பற்றிப் பேச்சு எழுந்தால் போதும், நம்மில் யாராவது ஒருவர் இந்த வாதத்தை எடுத்து வைத்துவிடுகிறார்: “கடையில் விற்பதைத் தடுத்துவிட்டால் ஆயிற்றா? பட்டறையில் செய்துகொள்வார்கள், முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் செய்துகொள்வார்கள். ஆகவே தடையே வீண்.” இந்த வாதத்தை நாம் கைவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன். நான் குறிபார்த்துச் சுடும் விளையாட்டில் நெடுங்காலமாக ஈடுபட்டிருப்பவன். உரிமத்தோடு ஒழுங்காக வைத்திருப்பவரிடமிருந்து துப்பாக்கியைப் பறிக்கும் சட்டங்களை எதிர்ப்பவன். அப்படிப்பட்ட எனக்கே இந்த வாதம் உண்மைக்குப் புறம்பாகவும், நமக்கே கேடு விளைவிப்பதாகவும் தோன்றுகிறது.

2019 அக்டோபர் 9 அன்று ஜெர்மனியின் ஹாலே நகரில் யூத வழிபாட்டு இல்லம் ஒன்றைத் தாக்க வந்தவன், தானே செய்த துப்பாக்கிகளோடு வந்தான். கையால் செய்த ஆயுதங்களும் பயன்படும் என்று காட்டுவது அவனுடைய நோக்கங்களில் ஒன்று. நடந்ததோ வேறு. துப்பாக்கிகள் திரும்பத் திரும்பச் சிக்கிக்கொண்டன. பூட்டிய கதவை அவனால் உடைக்க முடியவில்லை. உள்ளே வழிபாட்டில் இருந்தவர்கள் அனைவரும் உயிர் தப்பினர். வெளியே அவன் கொன்ற இருவரின் இழப்பு எதனாலும் ஈடு செய்ய முடியாதது. அதே ஆண்டு மார்ச் 15 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில், சட்டப்படி வாங்கிய, ஆலையில் தயாரான அரைத்தானியங்கித் துப்பாக்கிகளோடு (விசையை அழுத்தும் ஒவ்வொரு முறையும் ஒரு தோட்டாவைச் சுட்டு, அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்பவை) வந்தவன் 51 பேரைக் கொன்றான். இருவருக்கும் வெறியில் குறைவில்லை. கையில் இருந்த கருவிதான் வேறு. வீட்டில் செய்ததும் ஆலையில் செய்ததும் ஒன்றே என்பவர்கள் இந்த வேறுபாட்டுக்கு விடை சொல்லியாக வேண்டும்.

ஜப்பானின் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபே 2022 ஜூலை 8 அன்று நாரா நகரில் சுட்டுக் கொல்லப்பட்டதை நம்மவர்கள் அடிக்கடி சான்றாகக் காட்டுகிறார்கள். உலகின் மிகக் கடுமையான சட்டங்களுள் ஒன்று உள்ள நாட்டில், இரண்டு குழல்களை ஒட்டுப்பட்டையால் சுற்றிய கருவியால் அந்தக் கொலை நடந்தது என்பது உண்மைதான். ஆயினும் அந்த ஒருவன் அதற்காகப் பல மாதங்கள் தனியே உழைக்க வேண்டியிருந்தது. அவனிடம் இருந்ததோ இரண்டு முறை மட்டுமே சுடக்கூடிய கருவி. முதல் வெடிப்பு குறி தவறியது. துப்பாக்கியால் ஆண்டுக்கு ஒற்றை இலக்கத்தில் மட்டுமே மக்கள் இறக்கும் நாட்டை, தடை தோற்றுப்போனதற்கு எடுத்துக்காட்டாக நாம் எப்படி நிறுத்த முடியும்?

இந்த வாதத்தால் நமக்கு வரும் கேட்டையும் சொல்லிவிடுகிறேன். “யார் வேண்டுமானாலும் வீட்டில் செய்யலாம்” என்று நாமே உரக்கச் சொன்னால், அதைக் கேட்கும் சட்டமன்றம் தடையைக் கைவிடப் போவதில்லை. கடைசல் இயந்திரத்தையும், அச்சு இயந்திரத்துக்கான கணினிக் கோப்புகளையும், உதிரிப்பாகத்தையும், தோட்டாவையும் கட்டுப்படுத்தத்தான் முற்படும்.

கடைசல்காரன்:

நண்பர் குறிவாளன் எழுதியதைக் கவனமாகப் படித்தேன். ஹாலே பற்றி அவர் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கருவியின் தரத்தை மட்டும் வைத்து இதை முடித்துவிட முடியாது. துப்பாக்கியைத் தன் கையால் செய்வது நூற்றாண்டுகளாக வந்த ஒரு கைத்தொழில். அதன் பக்கமிருந்தும் பேச ஒருவர் வேண்டும்.

நான் செய்வது பழைய முறைத் துப்பாக்கிகளை: குழலின் வாய்வழியே மருந்து இட்டு, சிக்கிமுக்கிக் கல்லின் பொறியால் வெடிக்கும் வகை. சட்டம் அனுமதிக்கும் இடத்தில், அனுமதிக்கும் அளவில் மட்டுமே செய்கிறேன். அக்ரூட் மரக் கட்டையில் விசைத் தட்டு உட்காரும் பள்ளத்தைக் குடைந்து எடுப்பதற்கே பல மாலைப்பொழுதுகள் ஆகும். தட்டின் பின்புறம் விளக்குக் கரியைப் பூசிப் பள்ளத்தில் அழுத்தி எடுத்தால், மரம் எங்கே முட்டுகிறதோ அங்கே மட்டும் கறுப்புப் படியும். அந்தக் கறுப்பை மயிரிழை கனத்துக்குச் சீவி, மறுபடி பூசி, மறுபடி அழுத்திப் பார்க்க வேண்டும். இரும்புக்கும் மரத்துக்கும் நடுவே தாள்கூட நுழையாதபடி பொருந்தும்வரை இதையே செய்துகொண்டிருக்க வேண்டும். இப்படி வேலை செய்பவனையும், தொடர் எண் இல்லாத பிஸ்டலை மறைவாக விற்பவனையும் “வீட்டில் துப்பாக்கி செய்பவர்கள்” என்று ஒரே சொற்றொடரில் அடைக்கும் சட்டத்தை நான் எப்படி ஏற்றுக்கொள்வேன்?

அமெரிக்காவின் 1968-ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் இந்த வேறுபாட்டை உணர்ந்திருந்தது என்றே கருதுகிறேன். துப்பாக்கி வைத்திருக்கச் சட்டம் தடைசெய்யாத ஒருவர், விற்பனைத் தொழிலாக அல்லாமல் தன் சொந்தப் பயன்பாட்டுக்கு ஒன்றைச் செய்துகொள்ளக் கூட்டாட்சிச் சட்டப்படி உரிமம் தேவையில்லை. இயந்திரத் துப்பாக்கி போன்றவற்றுக்கு 1934 முதலே தனிச் சட்டம் இருந்தது. உலோகச் சோதனைக் கருவிக்குத் தப்பும் துப்பாக்கிகளை 1988-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. எல்லைகள் தெளிவாக இருந்தன. அவற்றுக்குள் கைவினைஞன் நிம்மதியாக வாழ்ந்தான்.

அறிவைத் தடை செய்ய முடியாது என்பதையும் மறக்க வேண்டாம். நாஜிகள் பிடித்து வைத்திருந்த வார்சாவில், தேடுதல் வேட்டைகளுக்கு நடுவே, போலந்து எதிர்ப்புப் படையினர் சிறு பட்டறைகளில் “பிளிஸ்காவிட்சா” என்ற இயந்திரத் துப்பாக்கியை ஏறத்தாழ 700 எண்ணிக்கை செய்து முடித்தார்கள். பிடிபட்டால் மரணம் என்று தெரிந்தும் செய்தார்கள்.

வெண்புள்ளி:

நான் பிஸ்டல் பிரிவில் போட்டியிடுபவள். குறிவாளன் ஐயாவின் கருத்தோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறேன். ஆனால் நம்மவர்கள் ஏன் இத்தகைய வாதங்களில் போய் ஒதுங்குகிறார்கள் என்பதையும் அவர் பார்க்க வேண்டும். சில தடைகள் அத்தனை பொருத்தமில்லாமல் எழுதப்பட்டன.

அமெரிக்காவில் 1994 முதல் 2004 வரை இருந்த தாக்குதல் துப்பாக்கித் தடையை எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றி மாட்டும் தோட்டாக்கூடு உள்ள அரைத்தானியங்கி ரைஃபிளில், மடக்கும் தண்டு, பிஸ்டல் பிடி, துப்பாக்கிமுனைக் கத்தி பொருத்தும் இடம், தீப்பிழம்பை மறைக்கும் குழல்முனை போன்ற பட்டியலிட்ட அம்சங்களில் இரண்டு இருந்தால் அது தடைக்குள் வந்தது. ஒன்று மட்டும் மிஞ்சும்படி மற்றவற்றை நீக்கிவிட்டு அதே துப்பாக்கியை ஆலைகள் சட்டப்படி விற்றன. கத்தி பொருத்தும் இடத்தை நீக்கியதால் அந்தத் துப்பாக்கி சுடும் வேகத்திலோ வலிமையிலோ எதுவும் குறையவில்லை. அதே சட்டத்தில் பத்துக்கு மேற்பட்ட தோட்டாக்கள் கொள்ளும் கூடுகளுக்கு விதித்த வரம்பு பொருளுள்ளது என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் ஏற்கெனவே மக்களிடம் இருந்த கூடுகளை அது தொடவே இல்லை.

பிரிட்டனில் நிகழ்ந்தது இதற்கு மறுதலை. 1996 மார்ச் 13 அன்று டன்பிளேன் பள்ளியில் 16 குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் கொல்லப்பட்ட பிறகு, 1997-இல் இரண்டு சட்டங்கள் வந்தன. முதலாவது .22 அங்குலக் குழல் விட்டத்துக்கு மேற்பட்ட கைத்துப்பாக்கிகளைத் தடைசெய்தது, இரண்டாவது .22 அளவையும் சேர்த்துக்கொண்டது. அந்தப் பெற்றோரின் துயரத்துக்கு முன்னால் நின்று “என் விளையாட்டு போயிற்றே” என்று முறையிட எனக்கு நா எழாது. இருந்தாலும் நடந்ததைச் சொல்ல வேண்டும்: அந்நாட்டின் பிஸ்டல் வீரர்கள் பயிற்சிக்கு அயல்நாடு செல்ல வேண்டியதாயிற்று, 2002-இல் மான்செஸ்டர் காமன்வெல்த் போட்டியைத் தங்கள் மண்ணில் நடத்துவதற்கே தனி விலக்கு பெற வேண்டியிருந்தது. எந்தக் குற்றமும் செய்யாதவர்களின் துறை ஒன்று ஏறக்குறைய முழுமையாக மூடப்பட்டது. இப்படி இழந்தவர்கள் கசப்பில் “வீட்டிலேயே செய்துகொள்வோம்” என்று பேசுகிறார்கள். அந்தப் பேச்சு தவறு என்பேன். அந்தக் கசப்புக்குக் காரணமே இல்லை என்று சொல்ல மாட்டேன்.

பழங்கலன்:

சுருக்கமாக ஒன்றைச் சொல்கிறேன். நான் பழைய துப்பாக்கிகளைச் சேகரிப்பவன் என்பதால், கைப்பற்றப்பட்ட நாட்டுத் துப்பாக்கிகளைப் பார்த்துக் கருத்துச் சொல்லும்படி சில வேளைகளில் என்னைக் கேட்பதுண்டு. அவற்றுள் ஒன்று இப்போதும் என் கண்ணிலேயே நிற்கிறது. குழலாக வைத்திருந்தது அந்த அழுத்தத்தைத் தாங்கும் எஃகு அன்று. தகட்டை வளைத்து ஓரங்களைப் பற்றவைத்த சாதாரணத் தையல் குழாய். பற்றவைத்த தையல் நெடுக அது பிளந்து, உதடுகள்போல் வெளிப்புறம் விரிந்திருந்தது. பிளந்த ஓரத்தில் இரும்பு நீலம் பாரித்திருந்தது. கைப்பிடி மரத்தில் உலோகச் சில்லு ஒன்று ஆழமாகப் பாய்ந்திருந்தது. அதைப் பிடித்திருந்த கை என்னவாயிற்று என்று நான் கேட்கவில்லை.

ஆலைத் துப்பாக்கி ஒவ்வொன்றும் விற்பனைக்கு வருமுன் பல நாடுகளில் மிகை அழுத்தத் தோட்டாவால் சோதிக்கப்பட்டு முத்திரை பெறுகிறது. பர்மிங்காமின் சோதனை நிலையம் 1813-இலிருந்து இதைச் செய்துவருகிறது. இந்தச் சோதனையின் அருமை தெரிந்த நம் சமூகம், சோதனையே இல்லாத குழாயை விடுதலையின் சின்னம்போல் பேசுவது எனக்கு வேதனை தருகிறது.

குறிவாளன்:

கடைசல்காரன் ஐயா, சிக்கிமுக்கித் துப்பாக்கி செய்யும் தங்களோடு எனக்கு வழக்கே இல்லை. அந்தக் கைத்தொழிலைக் காப்பதற்கு முதல் படியே, தங்களையும் உதிரிப்பாகத் தொகுப்பு விற்பவர்களையும் வேறுபடுத்திக் காட்டுவதுதான். இத்தனை ஆண்டுகள் அந்த விற்பனையாளர்கள் தங்களைப் போன்றவர்களின் மறைவில்தான் நின்றார்கள்.

துப்பாக்கியின் மற்ற பாகங்களைத் தாங்கும் உடற்சட்டத்தை ஏறத்தாழ முடிந்த நிலையில், துளையிடும் அளவுகோலோடும் மற்ற எல்லாப் பாகங்களோடும் ஒரே பெட்டியில் வைத்து, “இது துப்பாக்கி அன்று, ஆகவே தொடர் எண் வேண்டாம், வாங்குபவரின் பின்னணியைச் சோதிக்க வேண்டாம்” என்று விற்றார்கள். இதைத்தான் 2022-இல் துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் அமெரிக்கக் கூட்டாட்சித் துறை புதிய விதியால் துப்பாக்கி என்ற வரையறைக்குள் கொண்டுவந்தது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்ற கணக்கில் அந்த விதியை நிலைநிறுத்தியது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி நீல் கோர்சச். துப்பாக்கி உரிமைக்கு எதிரானவர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. கடையில் வாங்கிய மேசையை இன்னும் பூட்டி முடிக்காதபோதும் நாம் மேசை என்றுதானே அழைக்கிறோம் என்பது அவர் காட்டிய ஒப்புமை. முன்பின் பழக்கமில்லாத ஒருவர் அத்தகைய பெட்டியிலிருந்து அரை மணி நேரத்துக்குள் சுடக்கூடிய பிஸ்டலைச் செய்து முடித்ததையும் தீர்ப்பு குறிப்பிடுகிறது. எல்லாப் பாகங்களும் தானாகவே துப்பாக்கியாகிவிடும் என்று அது சொல்லவில்லை. எந்த அளவு முடிந்த பொருள் அதற்குள் அடங்கும் என்ற கேள்வியைத் திறந்தே வைத்திருக்கிறது. கைவினைஞருக்குத் தேவையான இடம் அங்கே இன்னும் இருக்கிறது.

எண்களையும் பார்த்துவிடுவோம். குற்ற இடங்களில் கைப்பற்றித் தடமறிய அனுப்பப்பட்ட, தனியார் செய்ததாக ஐயுறப்படும் துப்பாக்கிகள் அமெரிக்காவில் 2016-இல் 2,000-க்கும் குறைவு. 2021-இல் 19,000-க்கும் மேல். காவல்துறையினர் இவற்றை அடையாளம் கண்டு தெரிவிக்கப் பழகியதும் இந்த ஏற்றத்துக்கு ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அத்தனை துப்பாக்கிகளும் அக்ரூட் மரத்தில் பள்ளம் குடைந்தவர்களின் கையிலிருந்து வந்தவை அல்ல.

கடைசல்காரன்:

பெட்டி விற்பனையாளர்களுக்காக நான் ஒருபோதும் வழக்காடியதில்லை. அவர்கள் சரக்கில் கைத்தொழில் ஏதும் இல்லை. நான் அஞ்சுவது வேறு ஒன்றை; அது கோப்பைப் பற்றியது.

2013-இல் “லிபரேட்டர்” என்ற ஒற்றைத் தோட்டா அச்சுத் துப்பாக்கியின் கோப்புகள் வெளியிடப்பட்டபோது, அமெரிக்க அரசு அகற்றச் சொல்வதற்குள் அவை ஏறத்தாழ ஒரு லட்சம் முறை இறக்கிக்கொள்ளப்பட்டன. அதன்பின் 2020-இல் வந்த எஃப்ஜிசி-9 வடிவமைப்பு, ஆலையில் செய்த துப்பாக்கிப் பாகம் எதுவும் கிடைக்காத நாடுகளை மனத்தில் வைத்தே உருவாக்கப்பட்டது. 2021-இல் மியான்மரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு, அதை எதிர்த்து எழுந்த இளைஞர்களின் கைகளில் இந்தத் துப்பாக்கி காணப்பட்டது. அதே வடிவமைப்பு ஐரோப்பாவில் தீவிரவாதிகளின் வீடுகளிலும் பிடிபட்டிருக்கிறது. ஒரே கோப்புதான். ஒருவர் கையில் அது கொடுங்கோன்மைக்கு எதிரான கடைசித் துணை. மற்றொருவர் கையில் கொலைக் கருவி. வாசிப்பதையே குற்றமாக்கினால், பழைய துப்பாக்கியின் விசையை எப்படிப் பழுதுபார்ப்பது என்று நான் வரைந்து வைத்திருக்கும் படத்தையும் ஒருநாள் குற்றம் என்பார்கள். செய்த செயலைத் தண்டியுங்கள். எழுதி வைத்த அறிவைத் தண்டிக்காதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

நெடுங்குழல்:

இந்தியச் சட்டத்தைத் தொடாமல் இந்தப் பேச்சு நிறைவு பெறாது என்பதால் எழுதுகிறேன். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்வதே குற்றம். 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் அதற்கான தண்டனையைக் குறைந்தது ஏழு ஆண்டு முதல் ஆயுள்வரை உயர்த்தியது. அதே திருத்தம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. முதலில் ஒன்றாகக் குறைப்பதுதான் முன்மொழிவு. விளையாட்டு வீரர்களுக்கு விலக்கு இருக்கிறது.

இங்கே கவனிக்க வேண்டியது இதுதான். உரிமம் பெறுவது இவ்வளவு கடினமாக இருந்தும் நாட்டுத் துப்பாக்கிகள் பல பத்தாண்டுகளாகப் புழங்குகின்றன. உரிமம் பெற்ற பட்டறைகளுக்குப் பெயர் போன பீகாரின் முங்கேரே கள்ளத்துப்பாக்கிக்கும் பெயர் போனதாகிவிட்டது. முறையான வேலை குறையும்போது தேர்ந்த கைகள் மறைவான வேலைக்குப் போவதைச் சட்டம் எண்ணிப் பார்க்கவில்லை. கடைசல்காரன் ஐயாவின் கைத்தொழில் வாதத்துக்கு இது வலு சேர்க்கிறது. அதே வேளையில், நாட்டில் புழங்குவது பெரும்பாலும் ஒரு தோட்டா இட்டு ஒருமுறை சுடும் கட்டைத் துப்பாக்கி என்பது குறிவாளன் ஐயா சொன்னதையும் உறுதி செய்கிறது. தடை துப்பாக்கியை இல்லாமல் ஆக்கவில்லை. கிடைக்கும் துப்பாக்கியின் வகையை மாற்றியிருக்கிறது.

வெண்புள்ளி:

நெடுங்குழல் சொன்ன கடைசி வரிதான் இந்தப் பேச்சின் நடு முடிச்சு என்று எனக்குப் படுகிறது. ஆஸ்திரேலியாவில் 1996 ஏப்ரலில் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்ட பின், ஏறத்தாழ 6,50,000 துப்பாக்கிகளை அரசு விலை கொடுத்து வாங்கி அழித்தது. அங்கே குறிபார்த்துச் சுடும் சங்கங்கள் அழிந்துவிடவில்லை. தக்க காரணம் காட்டி, பதிவு செய்து, இன்றும் சுடுகிறார்கள். பிரிட்டனின் வழியும் ஆஸ்திரேலியாவின் வழியும் ஒன்றல்ல என்பதை நம்மவர்கள் பிரித்துப் பார்ப்பதில்லை. “தடை” என்ற ஒரே சொல்லில் இரண்டையும் போட்டு எதிர்க்கிறோம்.

இன்னொன்றையும் நாம் பேசத் தயங்குகிறோம். அமெரிக்காவில் 2021-இல் துப்பாக்கியால் இறந்த 48,830 பேரில் பாதிக்கும் மேற்பட்டோர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள். அந்தக் கணத்தில் யாரும் பட்டறைக்குப் போய்த் துப்பாக்கி செய்துகொண்டிருப்பதில்லை. அலமாரியில் எது கைக்கு எட்டுகிறதோ அதுதான் அங்கே தீர்மானிக்கிறது. பூட்டிய பெட்டியும், தோட்டாவைத் தனியே வைக்கும் பழக்கமும் நம் சங்கங்களில் கட்டாயமாக இருக்க வேண்டும் என்று நாமே கேட்டிருக்க வேண்டும். வீட்டுத் தயாரிப்பைக் காட்டித் தடை வீண் என்று சொல்லும் வாதம் இந்த மரணங்களைத் தொடுவதே இல்லை.

குறிவாளன்:

வெண்புள்ளி அவர்கள் சொன்னதோடு முழுவதும் உடன்படுகிறேன். கடைசல்காரன் ஐயாவிடம் கேட்க ஒரே கேள்விதான் மிஞ்சியிருக்கிறது. கலிஃபோர்னியாவில் 2018 முதல், தன் பயன்பாட்டுக்குத் துப்பாக்கி செய்ய விரும்புகிறவர் முதலில் மாநில அரசிடம் தொடர் எண் கேட்டுப் பெற வேண்டும். பின்னணிச் சோதனைக்குப் பிறகே எண் தரப்படும். அதைத் துப்பாக்கியில் பொறிக்க வேண்டும். செய்வதற்கு முழுத் தடை இல்லை, மறைப்பதற்குத்தான் தடை. தற்காலத் தோட்டாவைச் சுடும் துப்பாக்கி ஒன்றைத் தாங்கள் நாளை செய்வதாக வைத்துக்கொள்வோம். அப்படி ஓர் எண்ணைப் பெற்று அதில் பொறிக்கத் தாங்கள் உடன்படுவீர்களா?

கடைசல்காரன்:

உடன்படுவேன். பழைய கொல்லர்கள் குழலின் மேல் தங்கள் பெயரையே வெட்டினார்கள். செய்தவன் யார் என்று தெரிவதில் அவர்களுக்குப் பெருமை இருந்தது. எண்ணைப் பொறிப்பது எனக்கு இழிவன்று.

ஆனால் இரண்டு உறுதிகள் எனக்கு வேண்டும். விண்ணப்பத்துக்கு இத்தனை நாளுக்குள் விடை தர வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருக்க வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தந்து, மேல்முறையீட்டுக்கு வழி விட வேண்டும். எண் தரும் அலுவலகம் விடையே சொல்லாமல் இழுத்தடித்தால், அது தடை என்ற பெயரில்லாத தடைதான். அடுத்து, எண் பெற்றவர்களின் பட்டியல் பின்னொரு நாளில் பறிமுதல் பட்டியலாக மாறாது என்ற உறுதி. கனடாவில் 2020 மே மாதத்தில் ஏறத்தாழ 1,500 வகைத் துப்பாக்கிகள் ஒரே அரசாணையால் தடைக்குள் வந்தன; முதல்நாள்வரை சட்டப்படி வைத்திருந்தவர்கள் மறுநாள் தடைசெய்யப்பட்ட பொருளின் உடைமையாளர்கள் ஆனார்கள். பதிவு செய்தவர்களை எளிதில் தேடிச் செல்ல முடியும்; பதிவு செய்யாதவனைத் தேட முடியாது. எண்ணைப் பொறிக்கத் தயங்குபவர்கள் எல்லாரும் குற்றவாளிகள் அல்லர். பலர் அந்த மறுநாளுக்கு அஞ்சுபவர்கள். அந்த அச்சத்தைத் தீர்க்கும் ஒரு பிரிவைச் சட்டத்தில் எழுதச் சொல்லி நாம் சேர்ந்து கேட்போம் என்றால், விண்ணப்பத்தில் முதல் கையெழுத்தை நான் இடுகிறேன்.

குறிவாளன்:

இரண்டையும் ஏற்கிறேன். இரண்டாவது உறுதியோடு ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டும்: பிற்காலத்தில் ஒரு வகை தடைசெய்யப்பட்டாலும், பதிவு செய்து வைத்திருப்பவர் அதைத் தன் வாழ்நாள்வரை வைத்துக்கொள்ளலாம் அல்லது நியாயமான விலைக்கு அரசிடம் ஒப்படைக்கலாம் என்று இருக்கட்டும், வேறு எவருக்கும் கைமாற்றக் கூடாது. விண்ணப்பத்தின் வரைவை நான் எழுதுகிறேன். உடற்சட்டம் எந்த அளவு முடிந்திருந்தால் துப்பாக்கி எனக் கொள்ள வேண்டும் என்ற பகுதியைத் தாங்கள் எழுதித் தாருங்கள். அதைச் சரியாக வரையறுக்கத் தங்களைப் போல் கையால் செய்து பழகியவரே வேண்டும்.